டீயைத் தாழ்த்தினால் ட்ரைவ் நேராகுமா?

17 மே 2025, இரவு 9.40

கொடுங்கையூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆறு மாதமாகக் கோல்ஃப் ஆடுகிறேன். ட்ரைவரைத் தொட்டாலே பந்து வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது. டீயைத் தாழ்த்திக் குத்து, நேராகிவிடும் என்கிறார் கூட ஆடுகிறவர். உண்மையா? சரியான உயரம் எத்தனை மில்லிமீட்டர்?" (டீ என்பது முதல் அடிக்குப் பந்தை ஏற்றி வைக்கத் தரையில் குத்துகிற சின்ன முளை. ட்ரைவர் என்பது தூரமாக அடிக்கிற பெரிய மட்டை, அந்த அடிதான் ட்ரைவ்.)

17 மே, இரவு 10.25

ஆகாது. டீ உயரத்துக்கும் வளைவுக்கும் சம்பந்தமே இல்லை. வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைகிறது என்றால், அடிபடும் நொடியில் மட்டையின் முகம், அதாவது பந்தில் படுகிற பக்கம், மட்டை வருகிற பாதைக்கு வலப்பக்கம் திறந்திருக்கிறது என்று பொருள். பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கும். கிளம்பிய பிறகு எங்கே வளையும் என்பது முகத்துக்கும் பாதைக்கும் இடையில் உள்ள கோணத்தைப் பொறுத்தது. பழைய பாடங்களில் இதைத் தலைகீழாக எழுதியிருப்பார்கள்: பாதைதான் கிளம்பும் திசை, முகம்தான் போய்ச் சேரும் திசை என்று. அதை நம்பி என் இரண்டு வருடம் போயிற்று.

உயரத்துக்கு மில்லிமீட்டர் வேண்டாம். ட்ரைவரைப் பந்துக்குப் பின்னால் தரையில் வைத்துப் பாருங்கள். மட்டையின் உச்சிக்கு மேலே பாதிப் பந்து எட்டிப் பார்த்தால் போதும்.

18 மே, காலை 6.10

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நான் கோச் இல்லை. துறைமுகச் சரக்குக்குக் காகிதம் போடுகிற கிளியரிங் அலுவலகத்தில் வேலை. முதலாளி நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் மெம்பர். நான்காவது ஆள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் நான்காவது ஆள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் நந்தனம். பையைப் பார்த்து "கிட்டாரா சார்?" என்று ஒருவர் கேட்பார், "தூண்டிலா?" என்று இன்னொருவர் கேட்பார். இதுவரை யாரும் கோல்ஃபா என்று கேட்டதில்லை.

மற்ற நாளெல்லாம் மொட்டை மாடிதான். வலை காசிமேட்டில் வாங்கியது. தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது பழைய வலை சல்லிசாகக் கிடைக்கும். முதலில் வாங்கியதில் வலைக்கண் பெரிது. முதல் பந்தே வலையைத் துளைத்துக்கொண்டு போய்ப் பக்கத்து மாடிப் புறாக் கூண்டின் தகரத்தில் டமார். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதி எனக்கு மனப்பாடமானது அன்றுதான். அப்புறம் இறால் வலை வாங்கிக் கட்டினேன். புறாக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முதலில் கூண்டைத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

18 மே, இரவு 11.05

வியாசர்பாடி நண்பர் என்னைப் பிடித்துவிட்டார். பந்தின் போக்கை அளக்கிற ரேடார் கருவி வைத்திருக்கிற பயிற்சி ரேஞ்சுக்குப் போகிறவர் அவர். "சம்பந்தமே இல்லை" என்று நான் அடித்துச் சொன்னது தப்பு. உட்கார்ந்து யோசித்தேன், அவர் சொல்வது சரி.

மட்டை சாய்ந்த வட்டத்தில் சுற்றுகிறது. வட்டத்தின் அடிப்புள்ளிக்கு முன்பே பந்தைத் தொட்டால் மட்டை இன்னும் கீழே இறங்கிக்கொண்டும், கொஞ்சம் வலப்பக்கம் போய்க்கொண்டும் இருக்கும். அடிப்புள்ளியைத் தாண்டிய பிறகு தொட்டால் மேலே ஏறிக்கொண்டும் இடப்பக்கம் திரும்பிக்கொண்டும் இருக்கும். டீயை உயர்த்தி, பந்தை இடக்காலுக்கு முன்னே தள்ளி வைத்து மேல்நோக்கி அடிக்கிறவருக்குப் பாதை தானாகவே இடப்பக்கம் ஓடும். பாதை இடப்பக்கம் ஓடினால், முகம் அப்படியே இருந்தாலும் வளைவு வலப்பக்கம் கூடும். ஆக, டீயைத் தாழ்த்தினால் வளைவு கொஞ்சம் அடங்கத்தான் செய்யும். தம்பியின் கூட்டாளி முழுப் பொய் சொல்லவில்லை.

ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை தூரம். பந்து தாழ்வாகக் கிளம்பும், பின்சுழல் ஏறும், போய் உட்கார்ந்துவிடும். ட்ராக்மேன் என்கிற அந்த மாதிரி ரேடார் கருவியின் சராசரிகளைப் பார்த்தால், அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூர் ஆண்கள் ட்ரைவரைக் கொஞ்சம் கீழ்நோக்கியே அடிக்கிறார்கள். பெண்கள் தொடரான எல்.பி.ஜி.ஏ.வில் ஏறக்குறைய மூன்று டிகிரி மேல்நோக்கி. ஆண்களுக்கு வேகம் இருக்கிறது, தூரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். நம் வேகத்துக்கு நாம் பெண்கள் கட்சிதான்.

21 மே, மதியம் 1.30

"டீ ஆற்றுவதுதானே, குத்துவதா?" என்கிற மூலக்கடை நண்பருக்கு: இந்த டீ குத்துவதுதான், ஆற்றுவது இல்லை. அந்த ஜோக்கை என் மனைவி நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "காலையிலேயே டீயைக் கையில் எடுத்துக்கினு மாடிக்குப் போறாரு, கிளாஸ்தான் இல்ல."

22 மே, இரவு 9.15

கேரம் பவுடர் சோதனை. ஒரு பைசா செலவில்லை, வட சென்னையில் எந்த வீட்டிலும் டப்பா இருக்கும்.

ட்ரைவரின் முகத்தில் பவுடரை லேசாகத் தட்டி, விரலால் நீவி விடுங்கள். ஒரு பந்து அடியுங்கள். கறுப்பு முகத்தில் வெள்ளைப் படலம் பெயர்ந்து, பந்தின் குழிகள்கூடத் தெரிகிற மாதிரி ஒரு வட்டம் விழும். நாலணா அளவுதான். அந்த வட்டம் எங்கே விழுகிறது என்பதில் பாதி ஜாதகம் இருக்கிறது.

என் மாடி சிமெண்ட் தரை, டீ குத்த முடியாது. மோட்டாருக்குப் போடுகிற பச்சை டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தேங்காய் நார் மிதியடியில் ஓட்டை போட்டுச் செருகியிருக்கிறேன். 25, 38, 55 மில்லிமீட்டர் என்று மூன்று உயரம். ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து அடித்தேன்.

25-இல் வட்டம் முகத்தின் கீழ் விளிம்பை ஒட்டி. 38-இல் நடுவுக்குக் கொஞ்சம் மேலே. 55-இல் நான்கு முறை மட்டையின் உச்சந்தலையில் கீறல், ஒரு தடவை பந்து நேர் மேலே போய் வலையின் மேல் கயிற்றில் பட்டு என் தோளிலேயே விழுந்தது. என் ட்ரைவருக்கு 38 சரி. உங்கள் ட்ரைவரின் முக உயரம் வேறாக இருந்தால் கணக்கும் வேறு. அதனால்தான் மில்லிமீட்டர் வேண்டாம் என்றேன், அப்புறம் நானே மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சரி.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று. உயரம் எதுவானாலும் வட்டம் முகத்தின் நடுவில் இல்லை, தண்டுப் பக்கமாக ஒரு விரல் தள்ளியே விழுந்தது. தண்டுப் பக்கம் பட்டால் பந்துக்கு வலப்பக்கச் சுழல் கூடும், நுனிப் பக்கம் பட்டால் இடப்பக்கச் சுழல். பல்சக்கரம் மாதிரி முகம் ஒரு பக்கம் திரும்ப, பந்து மறுபக்கம் சுழல்கிறது. நான் பந்துக்கு மிக நெருங்கி நின்றிருக்கிறேன். அரைப் பாதம் பின்னே போனதும் வட்டம் நடுவுக்கு வந்தது. வலைக்குள் வளைவு தெரியாது என்பதால் பலனை ஞாயிற்றுக்கிழமைதான் சொல்ல முடியும்.

24 மே, மாலை 5.50

எர்ணாவூர்க்காரர் "டீயில் இவ்வளவு இருக்கிறதா, யார் கண்டுபிடித்தது?" என்கிறார். பல் டாக்டர்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. 1899 டிசம்பரில் மர டீக்குக் காப்புரிமை வாங்கியவர் பாஸ்டன் பல் மருத்துவர் ஜார்ஜ் கிராண்ட், கறுப்பினத்தவர், ஹார்வர்டில் பாடம் எடுத்தவர். விற்க வேண்டும் என்று அவர் மெனக்கெடவில்லை. 1920-களில் வில்லியம் லோவல் என்று நியூ ஜெர்சியில் இன்னொரு பல் மருத்துவர், அவர்தான் டீயைக் கடைக்குக் கொண்டுவந்தவர். பல்லில் ஓட்டை போடுகிறவர்களுக்குத் தரையில் ஓட்டை போடத் தோன்றியிருக்கிறது.

அதற்கு முன்னால் ஈர மணலைப் பிடித்துச் சின்னக் கும்பலாக வைத்து, அதன்மேல் பந்து. முதல் அடி அடிக்கிற இடத்துக்கு டீ பாக்ஸ் என்ற பெயரே மணல் வைத்திருந்த பெட்டியிலிருந்துதான் வந்தது. காசிமேட்டு மணலில் நானும் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். நிற்கிறது. இரண்டு சின்னப் பையன்கள் வந்து மணல் வீடு கட்டுகிறேனா என்று கேட்டார்கள்.

இன்றைய விதிப்படி டீ 4 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றில் பந்து டீயிலிருந்து விழுந்தால் தண்டனை இல்லை, எடுத்து மறுபடி வைக்கலாம்.

25 மே, இரவு 8.20

ஞாயிறு அறிக்கை. 14 ட்ரைவில் 5 ஃபேர்வேயில், அதாவது நடுவே வெட்டி வைத்திருக்கிற புல்வெளியில், விழுந்தது. போன மாதம் 2. வளைவு பாதியாகக் குறைந்திருக்கிறது, ஆனால் இப்போது பந்து கிளம்பும்போதே வலப்பக்கம் கிளம்புகிறது. முன்பு இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தது. ஒரு நோயை விரட்டினால் இன்னொன்று வந்து உட்காருகிறது.

முதலாளி ஒன்று சொன்னார், அது சரி என்று படுகிறது. டீ இடத்தின் இரண்டு குறிகளுக்கு நடுவே நின்றால் அவை காட்டுகிற திசைக்கு உடம்பு தானாகத் திரும்பிவிடுகிறது. அந்தக் குறிகள் ஃபேர்வேயின் நடுவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. முன்விளிம்பு குறிகளால், பின்னே இரண்டு மட்டை நீளம், அந்தச் செவ்வகத்துக்குள் பந்து இருக்க வேண்டும். காலை வெளியே வைத்துக்கூட நிற்கலாம். ஏழாவது ஓட்டையில் குறிகள் நேரே வலப்பக்க மரத்தைக் காட்டின. நானும் மரத்தை அடித்தேன். கீழ்ப்படிதல்.

பழைய கதை ஒன்று. போன வருடம் ஒரு போட்டியில், கால் நேராக இருக்கட்டும் என்று டீ இடத்தில் ஒரு குச்சியைக் கால் விரல்களுக்கு முன்னே போட்டு நின்றேன். கூட ஆடியவர் "அது கூடாதே" என்றார். அவசரமாக விலகிக் குச்சியை எடுத்துவிட்டேன். எடுத்தாலும் தப்பில்லையாம், நின்றதே குற்றம்: தண்டனையாக இரண்டு ஸ்ட்ரோக் கணக்கில் கூடும். 2019 விதி மாற்றத்திலிருந்து இப்படி. பயிற்சியில் எத்தனை குச்சி வேண்டுமானாலும் போடுங்கள். ஆட்டத்தில் ஜாக் நிக்லாஸ் வழிதான்: பந்துக்குப் பின்னால் நின்று, பந்துக்குச் சில அடி முன்னே இலக்கு நேரில் ஏற்கனவே கிடக்கிற ஒரு காய்ந்த இலையையோ புல் வெடிப்பையோ பிடித்துக்கொண்டு, முகத்தை அதற்கு நேராக வைப்பது. இலையை நீங்களாகக் கொண்டுவந்து வைக்கக் கூடாது.

26 மே, காலை 7.00

"வலப்பக்கம் வளைகிறது என்றால் இடப்பக்கம் பார்த்து நில், தானாக நடுவுக்கு வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். தோள் இடப்பக்கம் திறந்தால் பாதை இன்னும் இடப்பக்கம் வெட்டும், வளைவு இன்னும் பெருக்கும். அடுத்த வாரம் இன்னும் இடப்பக்கம் நிற்பீர்கள். கடைசியில் பக்கத்து ஃபேர்வேயில் ஆடுகிறவர் உங்களைப் பார்த்துக் கும்பிடு போடுவார்.

29 மே, இரவு 10.40

எப்படி நிற்பது என்பதற்குச் சொல்லுகிற தண்டவாள உவமை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பந்து ஒரு தண்டவாளம், கால் இன்னொரு தண்டவாளம், இரண்டும் சேராமல் ஓட வேண்டும், ஆகையால் காலை இலக்கான கொடிக்கு நேராக வைக்காதே, கொஞ்சம் இடப்பக்கம் வை என்பது எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. நானும் இதைத்தான் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்று கணக்குப் போட்டேன். பிராட்கேஜில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர். ட்ரைவர் பிடிக்கும்போது காலுக்கும் பந்துக்கும் நடுவே அதில் பாதி, சுமார் 80 சென்டிமீட்டர். முகமும் கொடியைப் பார்க்கட்டும், காலும் கொடியைப் பார்க்கட்டும். 200 மீட்டர் தள்ளி 80 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு கோணம்? ஒரு டிகிரியில் கால் பங்குகூட இல்லை. என் கை அதைவிட அதிகமாக நடுங்குகிறது. ஆக, "காலைக் கொடிக்கு வைத்ததுதான் குற்றம்" என்று நான் சொல்லிவந்தது காற்று.

அப்படியானால் ஆள் ஆளுக்கு ஐந்து டிகிரி, பத்து டிகிரி எப்படிக் கோணலாக நிற்கிறோம்? கண். கேரமில் நாம் கோட்டுக்குப் பின்னால் உட்காருகிறோம், கண், ஸ்ட்ரைக்கர், காய், பாக்கெட் எல்லாம் ஒரே நேர். 2024-இல் அமெரிக்காவில் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான். அவர் பக்கவாட்டில் திரும்பி நின்று ஸ்ட்ரைக்கரைத் தட்டி நான் பார்த்ததில்லை. கோல்ஃபில் கோட்டுக்குப் பக்கவாட்டில் நின்று, தலையைச் சாய்த்து, இடத் தோளுக்கு மேலே ஓரக்கண்ணால் பார்க்கிறோம். அந்தக் கண்ணுக்கு நேர் எது என்றே தெரிவதில்லை.

ஸ்ட்ரைக்கர் 4.13 சென்டிமீட்டர் வரை இருக்கலாம், 15 கிராம் வரை. கோல்ஃப் பந்து அதைவிடச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் பெரிது, எடை மட்டும் 45.93 கிராம் வரை. கிட்டத்தட்ட அதே வட்டம், மூன்று மடங்கு கனம். எனக்கு இது ஏனோ பிடித்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

1 ஜூன், மாலை 6.45

அப்பாவை மாடிக்கு ஏற்றினேன். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதை பராமரிக்கிற கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், முட்டி வலி. தண்டவாளம் பற்றி நான் எழுதியதைப் படித்துக் காட்டினதும் "கோடு ஓடறது சரி, அது நேரா இருக்குதானு யார் பாத்தது?" என்றார்.

அவர்கள் காலத்தில் மேஸ்திரி தண்டவாளத்தின் ஓரமாகக் குந்தி, கன்னம் இரும்பைத் தொடுகிற மாதிரித் தலையைத் தாழ்த்தி, ஒற்றைக் கண்ணால் நீளப் பார்ப்பாராம். கையை இப்படி அசைத்தால் அந்தப் பக்கம், அப்படி அசைத்தால் இந்தப் பக்கம். எட்டுப் பேர் கடப்பாரை போட்டு நெம்புவார்கள். "நின்னுகினு பாத்தா எல்லா லைனும் நேராத்தான்டா தெரியும்."

நான் பந்து வைத்து நின்றேன். அப்பா எனக்கு வலப்பக்கம், வலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி குனிந்தார். "டேங்கைப் பாத்து நிக்கற."

இல்லவே இல்லை என்றேன். கொத்தனார் நூல் ஒன்றை எடுத்து என் இரண்டு பெருவிரல்களையும் ஒட்டி வலை வரைக்கும் இழுத்துப் பிடித்தார். வலை மூன்று மீட்டர் தள்ளி. பந்திலிருந்து வலையின் நடுவுக்கு இன்னொரு நூல். இரண்டு நூலும் சேராமல் ஓட வேண்டும். என் கால் நூல் வலப்பக்கம் சாய்ந்து, வலைக்குப் போய்ச் சேருகிறபோது 26 சென்டிமீட்டர் தள்ளியிருந்தது. ஐந்து டிகிரி. 200 மீட்டரில் அது 17 மீட்டர், ஃபேர்வே ஓரத்து மரமே அங்கேதான் இருக்கிறது.

ஏன் என்று தேடியபோதுதான் சிரிப்பு வந்தது. மிதியடியை நான் எப்போதும் கைப்பிடிச் சுவருக்கு இணையாகப் போடுகிறேன். வலையைக் கட்டியது படிக்கட்டு அறையின் கம்பிக்கும் டேங்க் தூணுக்கும். தெரு வளைவுக்கு ஏற்றபடி கட்டின வீடு, அந்தச் சுவரும் வலையும் ஒன்றுக்கொன்று செங்கோணமே இல்லை. மூலமட்டம் வைத்துப் பார்த்தேன், வைத்த உடனே இளித்தது. ஒரு வருடமாகச் சுவரை நம்பி வலப்பக்கம் நின்று, வலையின் நடுவில் அடிக்க வேண்டும் என்று மட்டையை இடப்பக்கம் இழுத்து வெட்டிப் பழகியிருக்கிறேன். மைதானத்தில் யாராவது என்னை நேராக நிறுத்தினால், அந்த இழுப்பு மட்டும் கூடவே வந்து பந்தை வளைக்கிறது. தானாக நின்றால் வலப்பக்கம் கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதான்.

2 ஜூன், காலை 5.55

மிதியடியை மாற்றிப் போட்டாயிற்று. நேராக நிற்கும்போது உடம்பு முழுக்க இடப்பக்கம் திரும்பி நிற்கிற மாதிரி இருக்கிறது. கூசுகிறது. நேற்று இரவு மூன்று தடவை அப்பாவைக் கூப்பிட்டு "இப்ப?" என்றேன். மூன்றாவது தடவை கீழேயிருந்தே "நேர்!" என்று கத்தினார், பார்க்காமலே.

8 ஜூன், இரவு 9.30

14 ட்ரைவில் 8 ஃபேர்வே. முதலாளி ட்ரைவரை மாற்றினாயா என்றார். மிதியடியை மாற்றினேன் என்றேன், புரியவில்லை.

பந்தின் இடத்தைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். இடக் குதிகாலின் உட்புறத்துக்கு நேர் என்பது வழக்கம். நான் அதைவிட இரண்டு விரற்கடை முன்னே வைத்திருந்தேன். முன்னே போகப் போக அதை எட்ட வலத் தோள் முன்னே வந்துவிடுகிறது. கால் நேராக இருந்தும் தோள் இடப்பக்கம் திறந்திருக்கும். நூலைக் காலுக்குப் பிடித்தால் போதாது, மட்டையை மார்பின் குறுக்கே பிடித்துத் தோளையும் பாருங்கள்.

15 ஜூன், காலை 8.15

தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. விடியலில் படகு கிளம்புகிற சத்தத்தில் எல்லோரும் எழுந்துவிட்டோம்.

கொடுங்கையூர்த் தம்பி எழுதியிருக்கிறார்: டீயைப் பழையபடி உயர்த்தி, யாரையாவது பின்னால் குனிந்து பார்க்கச் சொல்ல வேண்டும், ஆனால் பார்க்க ஆள் இல்லையாம். மாடிக்கு வரட்டும், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல், வெயில் தாழ்ந்ததும். பந்தும் கேரம் பவுடரும் இங்கே இருக்கிறது. அப்பா வாளியைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறார். புறாக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், புது ஆள் வருகிறார் என்று. கூண்டின் மேல் கோணிப்பை போட்டிருக்கிறார்.